கன்னர்ஸ் டிக்கிளின் மூன்றாவது நிதியமைச்சர்

கன்னர்ஸ் டிக்கிளில் இன்றைய தேதிக்கு நூற்றுப் பதினோரு பேர். எஃபியைக் கேட்டால் நூற்றுப் பன்னிரண்டு என்பாள். பிறக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிற ஒரு குழந்தையை அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டாள். சுமப்பவள் அதைத் தன் மாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில், சாலை முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் கிடக்கும் இந்த மீன்பிடி ஊர் இதுவரை மூன்று நிதியமைச்சர்களைத் தந்திருக்கிறது. காட் மீன் போனது, பள்ளிக்கூடம் போனது, தபாலாபீஸ் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. நிதியமைச்சர் வரத்து மட்டும் நிற்கவில்லை. கரை நெடுக எத்தனையோ ஊர் இருக்கிறது, ஒரு மந்திரியைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று பெருமை பேசுவதில் எஃபிக்கு எழுபத்தோரு வயதிலும் அலுப்பு வந்ததில்லை.

முதலாமவர் எலியாஸ். அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேரவில்லை, தனி நாடு. ஆகவே அவர் ஒரு நாட்டுக்கே நிதியமைச்சர். என்ன, நாட்டிடம் நிதிதான் இல்லை. கூட்டம் திரண்டு சட்டசபை ஜன்னல்களை உடைத்த அன்று அவர் வேறு யாருடைய தொப்பியையோ மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார் என்று கேள்வி. ஊர் அதைச் சொல்லாது. கடைசி ஆறு மாதம் அவர் சம்பளமே வாங்கவில்லை என்பதை மட்டும் சொல்லும். வாங்கவில்லையா, கொடுக்கக் கஜானாவில் இல்லையா என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் எஃபி. இருந்தாலும் ஊர் மண்டபத்தில் தொங்கும் அவர் படத்தைத் துடைப்பதும் அவள்தான்.

இரண்டாமவர் ஆம்ப்ரோஸ், எஃபிக்குத் தாய்மாமன். அவர் காலத்தில் நாடு மாகாணமாகிவிட்டது; அவர் மாகாண நிதியமைச்சர். இந்தப் பதவியில் ஒரு விசித்திரம் உண்டு. சாலைமந்திரி எந்தச் சாலை வருகிறது என்று கல்யாண வீட்டில் சொல்லலாம். மீன்மந்திரி சாராயக்கடையில் சொல்லலாம். நிதியமைச்சர் மட்டும், சபையில் எழுந்து நின்று பட்ஜெட்டை வாசிக்கிற நிமிஷம்வரை, பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கக் கூடாது. ஒரு வரி கசிந்தால் பதவி போகும். ஆம்ப்ரோஸ் திறந்தார். புகையிலைக்கு வரி ஏறப்போவதைத் தன் மச்சானிடம், அதாவது கடை வைத்திருந்த எஃபியின் அப்பாவிடம், ஆட்டுத்தொடை அறுத்துக்கொண்டே சொல்லிவிட்டார். மறுநாள் கடையில் கூரைவரைக்கும் புகையிலை. மூன்றாம் நாள் தலைநகரத்துப் பத்திரிகையில் செய்தி. நாலாம் நாள் ராஜினாமா. ஆம்ப்ரோஸ் தூரத்து ஒண்டாரியோ மாகாணத்துக்குக் குடிபோனார். சவப்பெட்டியில்கூடத் திரும்பி வரவில்லை.

அந்தப் புகையிலையை அடுக்கியது இருபத்தேழு வயது எஃபி. ஏன் அடுக்குகிறோம் என்று ஆறு பெண்களிடம் சொன்னதும் அவள்தான். பழி முழுவதும் அப்பா தலையில் விழுந்தது. அவரும் கடைசிவரை அதைத் தள்ளிவிடவில்லை.

மூன்றாமவள் ரோடா ஸ்னூக். கீழ்க்கரை ஸ்னூக் வீட்டுப் பெண், தபாலாபீஸில் வேலை பார்த்து, தபாலிலேயே பரீட்சை எழுதிக் கணக்காளரானவள். தேர்தலில் ஜெயித்து மூன்றாம் வருஷம் நிதியமைச்சர். அவள் பதவியேற்ற அன்று எஃபி ஊரிலிருக்கும் அத்தனை வீட்டுக்கும் போய்த் தேநீர் குடித்தாள்; அன்று அவள் தூங்கியிருக்க வாய்ப்பில்லை.

மார்ச் மாதம், பட்ஜெட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை ரோடா ஊருக்கு வந்தாள். அப்பா அம்மா போனபிறகு அவள் வீட்டில் குழாய்கள் உறைந்து கிடந்ததால் எஃபியின் மாடியறையில்தான் தங்குவாள்.

"அத்தை, ரெண்டு நாள் யாரும் என்னைப் பார்க்க வரக் கூடாது. படிக்கிற வேலை இருக்கு."

"யாரு வரப்போறா? நான் கதவுகிட்டயே உக்காந்திருக்கேன்."

"நீங்களும்தான் அத்தை."

"நானா? எனக்கெதுக்குடி கண்ணு உன் பட்ஜெட்டு? எனக்குக் கூட்டத் தெரியாது, கழிக்கத் தெரியாது."

ரோடா குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் எஃபி பெட்டியைத் திறந்தாள். காகிதங்கள் பூட்டிய தோல்பையில் இருந்தன. அதை அவள் தொடவில்லை. அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, பூட்டும் நன்றாக இருந்தது. அவள் திறந்தது செருப்புப் பெட்டி. பட்ஜெட் நாளன்று நிதியமைச்சர் எந்தச் செருப்போடு சபைக்குள் நுழைகிறார் என்பதை இந்த நாட்டில் பத்திரிகைக்காரர்கள் படமெடுப்பார்கள். புதுச் செருப்பென்றால் செலவு உண்டு. பழையதென்றால் கையை இறுக்கப் போகிறார்கள். பெட்டிக்குள் இருந்தது ரோடாவின் பழைய கறுப்புச் செருப்பு, அடித்தோல் மட்டும் புதிதாகத் தைத்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"அடி மாத்தியிருக்காளா?" என்றாள் கடையில் டல்சி. எஃபிக்கு அடுத்தபடி அந்த ஊரின் இரண்டாவது பெரிய வாய் டல்சிக்கு. "அப்போ நமக்கு முட்டைதான். போன தடவை இப்படித்தான் ஒருத்தர் பழைய பூட்ஸோட வந்து பெட்ரோலுக்கு ஏத்திவிட்டாரு."

"செருப்பைப் பார்த்தேன்னுதான் சொன்னேன். ஜோசியம் நீ சொல்ற."

"நீ பார்த்தியேடி, அது போதாதா?"

இந்த ஜோசியம் போய்ச் சேரக் கூடாத காது ஒன்று இருந்தது. எஃபியின் தம்பி ஹெட்லி அடுத்த வீட்டுக்காரன், அறுபத்தாறு வயது, மனைவியை இழந்தவன், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவன். வாரத்துக்கு மூன்று நாள், நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நகரத்துக்குப் பனியிலும் மூஸ் மான்களுக்கு நடுவிலும் வண்டியோட்டிப் போய், நாலு மணி நேரம் டயாலிசிஸில் படுத்து, திரும்ப ஓட்டிவருவான். டொராண்டோவிலிருந்து ஒரு பல் டாக்டர், கோடையில் திமிங்கிலம் பார்க்க, அவன் வீட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். விற்றால் அந்தப் பணத்தில் நகரத்துக்கே குடிபோய்விடலாம். பட்ஜெட் வரட்டும், பக்கத்துக் குடா ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்கிறார்களா பார்ப்போம் என்று ஹெட்லி இழுத்தடித்துக்கொண்டிருந்தான். செருப்புச் செய்தி வந்ததும் போனை எடுத்தான்.

"செவ்வாய்க்கிழமை வர்றாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்," என்று அக்காவிடம் வந்து சொன்னான்.

"டேய், வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"எதுக்கு? நீதானே சொன்ன, அடித்தோல் தைச்ச செருப்புன்னு."

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எஃபி கேத்தலை அடுப்பில் வைத்தாள். அவள் வாழ்நாளில் அது நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ.

மறுநாள் ஞாயிறு. மாதாகோவிலுக்குப் போய்வந்து, உப்பு மாட்டிறைச்சியும் டர்னிப்பும் முட்டைக்கோஸும் வேகவைத்த சாப்பாட்டை முடித்துவிட்டு, ரோடா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாளும் போட்டாள். இத்தனை வருஷம் தலைநகரத்தில் இருந்ததில் ஒன்றை மறந்துவிட்டாள். இந்த ஊர் வீடுகளில் அடுப்புச்சூடு மாடிக்கு ஏறட்டும் என்று சமையலறைக் கூரையில் ஒரு சதுர ஓட்டை விட்டு, இரும்புக் கம்பி வலை போட்டிருப்பார்கள். சூடு மேலே ஏறும். பேச்சு கீழே இறங்கும். கன்னர்ஸ் டிக்கிளில் மூன்று நிச்சயதார்த்தங்களும் ஒரு விவாகரத்தும் முதலில் அந்த வழியாகத்தான் வெளியே தெரிந்தன.

எஃபி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே ரோடா கண்ணாடி முன்னால் நின்று உரையை வாசித்துப் பழக ஆரம்பித்தாள்.

நல்ல பெண் என்றால் உடனே வெளியே போயிருப்பாள், அல்லது வானொலியை உரக்க வைத்திருப்பாள். எஃபியும் வைத்தாள். பெட்ரோல் வரி, சிகரெட் வரி, கடன் வட்டி எல்லாம் கேட்டு முடித்து, "பக்கத்துக் குடா ஆஸ்பத்திரியில் நான்கு டயாலிசிஸ் நாற்காலிகள், வரும் செப்டம்பர் முதல், கன்னர்ஸ் டிக்கிள் முதலான பதினான்கு ஊர்களுக்காக" என்ற வரியை ஐந்து முறை கேட்டபிறகு வைத்தாள். ஐந்து முறை ஏனென்றால், ஊர் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் ரோடாவின் குரல் உடைந்தது. இருமிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

எஃபி துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். எலியாஸ் நாட்டுக்கே அமைச்சராக இருந்தார், ஊர் பெயரை ஒரு தடவை சபையில் சொன்னதில்லை. ஆம்ப்ரோஸ் பெயரைக் கெடுத்தார். இந்தப் பெண் சொல்லப் போகிறாள். அந்த நினைப்பில் நெஞ்சு விம்மிய அதே மூச்சில் அடுத்த வீட்டு ஞாபகமும் வந்தது. செவ்வாய்க்கிழமை. பல் டாக்டர்.

ரோடா கீழே வந்தபோது வானொலியில் வானிலை அறிக்கை அலறிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை இவ்ளோ சத்தம்?"

"காது மந்தமாயிட்டு வருதுடி. டீ போடட்டா?"

ரோடா அவளைக் கொஞ்சம் பார்த்தாள். அப்புறம் இரண்டு டீ குடித்துவிட்டுத் தலைநகரத்துக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை கடையில் டல்சி விடவில்லை.

"மந்திரியே ரெண்டு நாள் உன் வீட்ல. ஒரு வார்த்தைகூடவா தேறல?"

"ஒண்ணும் சொல்லலடி."

"என்னடி எஃபி, வயசாயிடுச்சா? நீயா இருந்தா அந்தப் பையோட தையலைப் பிரிச்சுப் படிச்சிருப்பியே."

கடையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எஃபியின் நாக்கு நுனியில் நான்கு நாற்காலிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாவும் டின் பாலும் வாங்கிக்கொண்டு, சில்லறையைக்கூட எண்ணாமல் வெளியே வந்தாள்.

ஹெட்லியிடம் சொல்ல முடியாது. ஹெட்லி நல்லவன், அதனால்தான் சொல்ல முடியாது. விற்பனையை நிறுத்தினால் ஏன் என்று டல்சி கேட்பாள், அவனுக்குப் பொய் வராது. ஒருவருக்குத் தெரிந்தால் இந்த ஊரில் நூற்றுப் பதினோரு பேருக்கும் தெரியும். ஆம்ப்ரோஸ் மாமா விஷயத்தில் அதை நிரூபித்தவளே அவள்தான். அன்று இரவெல்லாம் யோசித்து, விடிகிறபோது ஒரு முடிவுக்கு வந்தாள். ரகசியமும் சொல்லக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. இருப்பதைக் காட்டினால் போதும். அதாவது, தன்னை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பல் டாக்டரும் மனைவியும் வந்து ஹெட்லியின் சமையலறையில் உட்கார்ந்தார்கள். பின்கதவு திறந்தது. இந்த ஊரில் கதவைத் தட்டுவது போலீஸும் புதிதாக வந்த பாதிரியாரும்தான். ஆனால் வந்தவர்களுக்கு அது தெரியாதே.

"வாங்க வாங்க. நான் எஃபி, பக்கத்து வீடு. எனக்குத் தூக்கம் கம்மி. என் ஜன்னலும் உங்க சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். உங்களுக்குப் பொழுதே போகலைங்கிற கவலை வேண்டாம்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் டாக்டர். "நாங்க திரை போட்டுக்குவோம்."

"தாராளமா போடுங்க. இவன் பொண்டாட்டி கல்யாணமான புதுசுல போட்டா. ரெண்டாம் நாளே நான் போய்க் கழட்டிட்டேன். வெளிச்சம் வேணாமா வீட்டுக்கு? ஆமா, பல்லு ஒண்ணுக்கு எவ்ளோ வாங்குவீங்க?"

"அக்கா!" என்றான் ஹெட்லி.

"கேட்டா என்னடா? அவரு சொல்லலைன்னா நானா கண்டுபிடிக்கணும், எனக்கு அலைச்சல்." டாக்டரின் கையை எடுத்துப் பார்த்தாள். "மோதிரம் காணோமே. இந்தம்மா உங்க சம்சாரம்தானே?"

வேலை செய்யும்போது கழற்றிவைப்பது வழக்கம் என்று டாக்டர் சொன்னார். "இப்போ என்ன வேலை செய்றார்?" என்ற கேள்வியை எஃபி டாக்டரிடம் கேட்கவில்லை, அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டாள். அந்த அம்மாளும் கணவரைப் பார்த்தாள்.

எஃபி போனாள். கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். போனாள். ஜாம் பாட்டிலோடு வந்து, அந்த அம்மாளின் கைப்பைக்குள் தானே வைத்து, உள்ளே இருந்த மாத்திரை டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, "இது என் நாத்தனாருக்குக் கொஞ்சமும் கேக்கல," என்றாள். நாலாம் முறை எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஐந்தாம் முறை வந்தபோது அந்த அம்மாளைக் கீழே காணோம். எஃபி மாடியேறிக் குளியலறைக் கதவில் வாயை வைத்தாள்.

"கண்ணு, தண்ணி சரியா விழுதா? இல்லைன்னா கீழ இருந்து ஒரு தட்டு தட்டணும். நான் வேணா உள்ள வரட்டா?"

பேனா மூடப்பட்டது. இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் மரியாதையாகச் சொன்னார். அந்த அம்மாள் அதற்கு முன்பே காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

கார் மறைந்ததும் ஹெட்லி திரும்பினான். அவன் குரல் உயர்த்திப் பேசுகிறவன் அல்ல, அன்றும் உயர்த்தவில்லை.

"சந்தோஷமா?"

"டேய் ஹெட்லி..."

"அறுபத்தாறு வருஷமா உன் வாயைப் பொறுத்துக்கிட்டேன். ஊரே சிரிக்கும், நானும் சிரிப்பேன். இன்னைக்கு அந்த வாய் என் வீட்டுப் பேரத்தையே தின்னுடுச்சு. போன வாரம் ரோட்ல வண்டி ரெண்டு சுத்து சுத்தி நின்னுச்சு, உன்கிட்ட சொல்லல, நீ பயப்படுவேன்னு. இன்னொரு குளிர்காலம் நான் தாங்க மாட்டேன்கா. இனி இந்தப் பக்கம் வராதே."

எஃபி வாயைத் திறந்தாள். நான்கு நாற்காலிகள். செப்டம்பர். மூன்றே சொல். பழைய கடையில் அடுக்கிய புகையிலையின் வாசனை, நாற்பத்து நாலு வருஷம் கழித்து, மூக்கில் ஏறியது. வாயை மூடிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள்.

புதன்கிழமை அவன் விடிகாலையில் பனியைத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது வண்டியின் முன்னிருக்கையில் ஒரு பிளாஸ்க் சூப் இருந்தது. அவன் அதை எடுத்து வேலிக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டுப் போனான். எஃபி ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் திரும்பிவரும்வரை ஜன்னலைவிட்டு நகரவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஊர் மண்டபத்தில் உட்கார இடமில்லை. அமைச்சரின் சொந்த ஊர் எப்படிக் கேட்கிறது என்று பதிவுசெய்யத் தலைநகரத்திலிருந்து ஒரு வானொலிக்காரன் ஒலிவாங்கியோடு வந்திருந்தான். டல்சி அவனுக்கு மூன்றாவது கேக் துண்டை ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எஃபி கடைசி வரிசையில். ஹெட்லி முன்வரிசையில், முதுகைக் காட்டிக்கொண்டு.

தொலைக்காட்சியில் ரோடா சபைக்குள் நுழைந்தாள். முதலில் செருப்பைக் காட்டினார்கள்.

"பார்த்தீங்களா, அடித்தோல்!" என்றாள் டல்சி, தானே தைத்ததுபோல.

இந்த மாகாணத்துச் சபையில் ஆளுங்கட்சி சபாநாயகருக்கு இடப்பக்கம் உட்காரும். மற்ற இடங்களில் வலப்பக்கம். பழைய கட்டடத்தில் கணப்பு இடப்பக்கம் இருந்ததால், குளிரில் விவரமாக அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் பிறகு விடவே இல்லை. அந்தக் கதகதப்பான வரிசையில் எழுந்து நின்று, கீழ்க்கரை ஸ்னூக் வீட்டுப் பெண் மாகாணத்தின் வரவையும் செலவையும் வாசித்தாள். எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் ஏதோ கத்தினார். காகிதத்திலிருந்து தலைநிமிராமல், "உறுப்பினர் போன வருஷக் கணக்கைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், முடிக்கட்டும், காத்திருக்கிறேன்," என்றாள். மண்டபமே மேசையைத் தட்டியது. பெட்ரோல் வரி ஏறியபோதுகூட, "ஏத்தினா என்ன, எவ்ளோ தெளிவா ஏத்தறா பாரு," என்றார் ஒரு கிழவர்.

சிகரெட் வரி வந்தது. கடன் வட்டி வந்தது. அடுத்தது என்ன என்று அந்த மண்டபத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். எஃபி இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உடைஞ்சிடாதேடி. எத்தனை பேர் பார்க்கிறாங்க. உடைஞ்சிடாதே.

"பக்கத்துக் குடா ஆஸ்பத்திரியில் நான்கு டயாலிசிஸ் நாற்காலிகள், வரும் செப்டம்பர் முதல்," என்று ரோடா வாசித்தாள். "கன்னர்ஸ் டிக்கிள்..." ஒரு கணம் நிறுத்தினாள். இருமவில்லை. "கன்னர்ஸ் டிக்கிள் முதலான பதினான்கு ஊர்களுக்காக."

குரல் கல்லுபோல நின்றது.

 மண்டபத்தில் கூரை போகிற சத்தம். டல்சி அழுதாள், வானொலிக்காரனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எலியாஸின் படத்தைப் பார்த்து யாரோ தொப்பியைத் தூக்கினார்கள். எழுந்து நிற்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எஃபி, இன்னும் நாற்காலி விளிம்பைப் பிடித்தபடி. இன்னொருவன் ஹெட்லி. அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லத் திரும்பினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்து அவள் முன்னால் நின்றான்.

"அக்கா," என்றான். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன், சந்தோஷத்தில் குரலை அடக்க மறந்துவிட்டான். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். வானொலிக்காரன் டல்சியின் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டு ஒலிவாங்கியை நீட்டினான்.

"அமைச்சர் உங்க வீட்லதானே தங்கியிருந்தாங்க?" என்று கேட்டான்.

எஃபிக்கு முன்னால் ஐம்பது முகங்கள். ஆமாம் என்றால் அத்தனை முகமும் வாயைப் பிளக்கும். தம்பி அழுதுகொண்டே கட்டிக்கொள்வான். இந்த ஊர் இருக்கும்வரை அவள் கதையைச் சொல்லும். சாயங்காலச் செய்தியில் அதே கதை வரும்போது ரோடாவின் மேசையைக் காலி செய்துகொண்டிருப்பார்கள்.

"எனக்கா?" என்றாள். குரலை நன்றாக உயர்த்தியே சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க மாட்டேனா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"அதானே!" என்று டல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். "தம்பி, இதை நல்லா எழுதிக்கோ. இவளுக்குத் தெரிஞ்சிருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலமே பனிமேல படுத்திருக்கிற கடல்நாய்க்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்! செருப்பைப் பார்த்துட்டு ஒரு மணி நேரம் தாங்கல இவளால!"

வானொலிக்காரனும் சிரித்தான். ஒலிவாங்கி வேறு பக்கம் போனது. ஆளாளுக்கு எஃபியின் வாயைப் பற்றித் தெரிந்த கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவனுக்கு அது பட்ஜெட்டைவிட ருசியாக இருந்தது.

ஹெட்லி சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். அங்கே ரோடா உரையை முடித்து உட்கார்ந்திருந்தாள். ஆளுங்கட்சி எழுந்து நின்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாக்கா?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"எது?" என்றாள் எஃபி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.